பேலியகொடை அளவும் நம்ம மலை அடுப்பும்



தீபாவளி, நத்தார், பிள்ளைகளின் பிறந்தநாள் என்று வந்தால் இப்போது லயன் வீடுகளிலும் கேக் சுடுகிறார்கள். பாண், பணிஸ் சுட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் வீடு வீடாகப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "கொழும்புல சுட்டா பூ மாதிரி வருது. இங்க சுட்டா நடுவுல குழி விழுது. நமக்குக் கைராசி இல்லீங்க." கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கேக் வீணானால் மா, சீனி, முட்டை, மாஜரீன் என்று நாட்சம்பளத்தில் பெரிய பங்கு போய்விடும். ஆகவே காரணத்தைத் தெரிந்துகொள்வோம்.

1. இடம் மாறினால் அளவும் மாறும்

நம் பிள்ளைகள் பலர் பேலியகொடைப் பக்கம் கடைகளிலும் பேக்கரிகளிலும் வேலை செய்கிறார்கள். 2020 நவம்பரில் மெனிங் சந்தை அங்கே மாறிய பிறகு மலைநாட்டு மரக்கறி லொறிகளும் அங்கேதான் போகின்றன. லீவில் வரும் பிள்ளை, கற்றுக்கொண்ட கேக் அளவையும் எழுதிக்கொண்டு வருகிறது. அந்த அளவில் பிழை இல்லை. ஆனால் பேலியகொடை களனி கங்கைக் கரையில், கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த இடம். ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர்.

மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். பேலியகொடையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். இங்கே பருப்பு வேகச் சுணங்குவது இதனால்தான். அழுத்தம் குறைந்த இடத்தில் பேக்கிங் பவுடரில் இருந்து வரும் வாயுவும் கூடுதலாக விரியும். கேக் மளமளவென்று எழும்பும், உள்ளே வெந்து இறுகுவதற்கு முன்னே நடு அமுங்கிப் போகும்.

2. கேக் அளவு

கீழ்நாட்டு அளவு: கோதுமை மா, மாஜரீன், சீனி ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, கொஞ்சம் வனிலா.

நம் பக்கத்துக்கு: பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி போதும். சீனியை 225 கிராம் ஆக்கவும். 2 மேசைக்கரண்டி பால் கூடுதலாக விடவும். மாஜரீனையும் சீனியையும் வெள்ளையாகும் வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். மா போட்ட பிறகு பலமாக அடிக்க வேண்டாம், மெதுவாகக் கலந்தால் சரி.

3. பாண் ஏன் கல்லாகுது?

பாண் என்ற சொல் போர்த்துக்கேயரோடு நம் நாட்டுக்கு வந்தது. அதற்கு உயிர் ஈஸ்ட். கொழும்புச் சூட்டில் ஒரு மணித்தியாலத்தில் பொங்கும் மா, நம் குளிரில் இரண்டு மூன்று மணித்தியாலம் கூட எடுக்கும். பொங்கு முன்னே சுட்டால் கல்தான். அவசரப்பட்டுக் கொதிதண்ணீர் ஊற்றினால் ஈஸ்ட் செத்துப் போகும். விரல் வைத்தால் இளஞ்சூடாக இருக்கும் தண்ணீர் போதும்.

மா 500 கிராம், ஈஸ்ட் 1 தேக்கரண்டி, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 300 மில்லிலீற்றர். 10 நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி, அடுப்புக்குக் கிட்ட வைக்கவும். அடுப்பு மேலே வைக்கக் கூடாது. மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இரண்டு மடங்கு ஆனதும் அமுக்கி, உருட்டித் தகரத்தில் வைத்து, மறுபடி பொங்கவிட்டுச் சுடவும்.

4. போறணை இல்லாத வீட்டில்

கனமான சட்டியில் ஓர் அங்குலம் மணல் பரப்பி, மூன்று சின்னக் கல் வைக்கவும். மூடிக் கால் மணித்தியாலம் சூடாக்கிய பிறகு கேக் தகரத்தைக் கல் மேல் வைக்கவும். கனமான தகர மூடியால் மூடி அதன்மேல் தணல் போடவும். கீழே குறைவு, மேலே கூட என்பதுதான் கணக்கு. கீழே நெருப்புக் கூடினால் அடி கருகி உள்ளே மா பச்சையாக இருக்கும். முதல் அரை மணித்தியாலம் திறக்க வேண்டாம். பிறகு நடுவில் ஈர்க்குக் குத்திப் பார்க்கவும். ஒட்டாமல் வந்தால் வெந்தது.

மிக முக்கியம்: குளிருக்குப் பயந்து கதவு யன்னலைச் சாத்திக்கொண்டு தணல் வைக்காதீர்கள். தணலில் இருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வேலை முடிந்ததும் தணலை வெளியே கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றி அணைக்கவும். சின்னப் பிள்ளைகளை அடுப்பண்டை விடாதீர்கள்.

5. ஒரு கொப்பி போடுங்கள்

ஒரே தோட்டத்தில் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் கூட வித்தியாசம் இருக்கும். ஆகவே முதலில் பாதி அளவில் சுட்டுப் பாருங்கள். என்ன போட்டோம், எவ்வளவு நேரம், எப்படி வந்தது என்று பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது பிழை என்று பிடிபடும். நாலைந்து தடவையில் உங்கள் வீட்டு அளவு உங்கள் கைக்கு வந்துவிடும். அடுத்த முறை பேலியகொடையில் இருந்து பிள்ளை வரும்போது, அதைக் காட்டி நீங்களே சொல்லிக் கொடுக்கலாம்.