தானாகத் தெளியாத தண்ணீர்

மழை பிடித்த முதல் வாரத்தில் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். தண்ணீரைப் பற்றிய நம்பிக்கைகள் எல்லாம் வீட்டுக்கு வீடு வெளியே வருவதும் அப்போதுதான். பாட்டி ஒன்று சொல்வார், மாடி வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், வாட்ஸ்அப் ஒன்பது சொல்லும். முழுப் பொய் இவற்றில் குறைவு, பாதி உண்மைகளே அதிகம். அதனால்தான் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: கலங்கல் தண்ணீரை ஆட்டாமல் அசைக்காமல் வைத்தால் தானாகத் தெளிந்துவிடும்.

மணலைப் பொறுத்தவரை சரி. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல் துகள், ஒரு மீட்டர் ஆழத்தை இரண்டே நிமிடத்தில் கடந்து அடியில் உட்கார்ந்துவிடும். அதிலும் பத்தில் ஒரு பங்கான வண்டல் துகளுக்கு அதே ஒரு மீட்டரைக் கடக்க 3 மணி நேரம் ஆகும். இன்னும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்கோ ஏறக்குறைய 12 நாள். துகளின் அளவு பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். இதுவும் துளி அசைவில்லாத தண்ணீருக்கான கணக்கு. ஒரு பக்கம் வெயில் பட்டாலே தண்ணீர் உள்ளுக்குள் புரள ஆரம்பித்துவிடும். பாக்டீரியாவும் அந்தக் களிமண் துகளின் அளவுதான். ஆனால் தண்ணீரைவிட அதிக கனமில்லை. அது தானாக இறங்கட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

இப்படிக் காத்திருந்து ஒரு நகரமே விலை கொடுத்திருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்றுத் தண்ணீரைத் தொட்டிகளில் சற்றுத் தேக்கிவைத்து, வண்டல் படிந்ததும் அப்படியே வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மணல் வடிகட்டி கட்டும் பேச்சு பல ஆண்டுகளாக இருந்தது. செலவைப் பற்றிய வாக்குவாதத்திலேயே காலம் போயிற்று. 1892 ஆகஸ்டில் காலரா வந்தது. சில வாரங்களில் 8,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஒட்டினாற்போல் இருந்த பக்கத்து ஊர் ஆல்டோனா. ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் எடுத்த ஊர் அது. இரண்டில் மோசமான தண்ணீர் ஆல்டோனாவுடையதுதான். ஆனால் அவர்கள் அதை மணலில் வடித்துக் குடித்தார்கள்; நோய் அங்கே பெரிதாகப் பரவவில்லை. ஊர் எல்லை ஒரே தெருவில் ஓடிய இடங்களில், ஒரு சாரி வீடுகளில் காலரா இருந்தது, எதிர்ச்சாரியில் இல்லை. ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக் இதை ஆராய்ந்து எழுதினார். காலரா கெட்ட காற்றில் வருகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களின் பக்கம் அதன்பிறகு வலுவிழந்துபோயிற்று.

நம்பிக்கை: படிகாரம் அழுக்கைக் கரைத்துவிடும், கிருமியைக் கொன்றுவிடும்.

இரண்டும் இல்லை. தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. எல்லாம் ஒரே மின்னேற்றம் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாகவே அலையும். படிகாரத்திலிருந்து பிரியும் அலுமினியம் நேர்மின்னேற்றம் கொண்டது. அது இந்தத் தள்ளுதலைத் தணிக்கிறது. கூடவே, தண்ணீரிலுள்ள காரத்தன்மையோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற வழுவழுப்பான பொருளாக மாறுகிறது. அதில் துகள்கள் ஒட்டி ஒட்டிக் கண்ணுக்குத் தெரியும் திரள்களாக வளர்கின்றன. சுத்திகரிப்பு நிலையக்காரர்கள் இதை 'ஃப்ளாக்' என்பார்கள். சிறியது பெரியதாகிவிட்டதால் 12 நாள் வேலை தெளிவுத் தொட்டியில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நிலையங்களில் போடுவது அலுமினியம் சல்பேட். அதை 'ஆலம்' என்றே சொல்வார்கள். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தில் அதோடு பொட்டாசியமும் சேர்ந்திருக்கும். செய்யும் வேலை ஒன்றுதான்.

கிருமிகளில் பெரும்பகுதி இந்தத் திரளில் மாட்டி அடியில் போய்ச் சேரும். போய்ச் சேருமே தவிர, சாகாது. ஆகவே படிகாரம் போட்ட குடத்தில் அடித்தண்ணீர்தான் அதிக ஆபத்து. மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக இறுத்துக்கொண்டு அடியில் உள்ளதைக் கொட்டிவிட வேண்டும். கடைசிச் சொட்டுவரை சாய்க்கும் சிக்கனம் இங்கே உதவாது. கிருமியைக் கொல்லும் என்ற பெயர் படிகாரத்துக்கு சலூனிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சவரம் முடிந்ததும் முகத்தில் அந்தக் கல்லைத் தேய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

தேத்தாங்கொட்டைக்கும் இதே கதைதான். பானையின் உட்புறத்தில் அதை உரைத்துத் தண்ணீரைத் தெளியவைப்பது கலித்தொகைக் காலத்திலேயே உவமையாகும் அளவுக்குத் தெரிந்த செய்தி. முருங்கை விதையில் நேர்மின்னேற்றமுள்ள புரதம் இருக்கிறது. சூடானின் கிராமத்துப் பெண்கள் நைல் தண்ணீரை அதைக்கொண்டு தெளியவைத்திருக்கிறார்கள். இரண்டும் நல்ல வழிகள். ஆனால் விதையின் சத்தும் தண்ணீரிலேயே தங்கிவிடுவதால், அந்தத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. காய்ச்சாமல் குடிக்கவும் கூடாது.

நம்பிக்கை: கூடப் போட்டால் கூடத் தெளியும்.

எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்திலும் 'ஜார் டெஸ்ட்' கருவி இருக்கும். வரிசையாக ஆறு கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றிலும் அன்றைய ஏரித் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ ஒரு லிட்டர். முதலாவதில் 10 மில்லிகிராம் ஆலம், அடுத்ததில் 20, அதற்கடுத்ததில் 30 என்று ஏறிக்கொண்டே போகும். ஆறிலும் துடுப்புகள் ஒரு நிமிடம் வேகமாகச் சுழலும். அப்போது பார்வைக்கு எந்த மாற்றமும் இருக்காது. பிறகு வேகத்தைக் குறைத்து இருபது நிமிடம் போல விடுவார்கள். மெல்ல மெல்லப் புள்ளிகள் தோன்றி, குண்டூசித் தலை அளவுக்கு வளரும். துடுப்பை நிறுத்தியதும் சரியான அளவு விழுந்த குவளையில் திரள்கள் கிடுகிடுவென இறங்கும். திரளுக்கும் திரளுக்கும் இடையே உள்ள தண்ணீர் பளிச்சென்று தெரியும். குறைவாக விழுந்ததில் மங்கல் அப்படியே நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அளவுக்கு மிஞ்சி விழுந்த குவளையும் பல நேரம் கலங்கலாகவே நிற்கும். காரணம், எதிர்மின்னேற்றம் தணிவதோடு நிற்காமல் துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்று மறுபடி ஒன்றை ஒன்று தள்ளத் தொடங்குவது. அல்லது தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்து அலுமினியம் திரளாமல் கரைந்தே நின்றுவிடுவது. காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லாத மழைநீரில் படிகாரம் சரியாக வேலை செய்யாததற்கும் இதுவே காரணம். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

மழை பெய்தால் தண்ணீர் மாறும், அளவும் மாறும். நேற்றைய அளவு இன்றைக்கு ஆகாது. கலக்கும் விதமும் முக்கியம். படிகாரக் கல்லைக் குடத்தில் வெகுநேரம் விறுவிறுவென்று சுற்றினால், உருவான திரள்கள் உடைந்து மறுபடி பொடியாகும். முதலில் சில சுற்று வேகமாக, பிறகு நெடுநேரம் மெதுவாக என்பதே முறை.

கரைந்து நிற்கும் அலுமினியத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 0.2 வரை பொறுக்கலாம். 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு பகுதியில், லாரியில் வந்த 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசலைத் தவறான தொட்டியில், சுத்திகரிப்பு முடிந்த தண்ணீரிலேயே கொட்டிவிட்டார்கள். அமிலமேறிய அந்தத் தண்ணீர் வீட்டுக் குழாய்களின் செம்பையும் கரைத்துக்கொண்டு வந்தது. குடித்தவர்களுக்கு வாய்ப்புண், வயிற்றுக் கோளாறு. மருந்தை மிஞ்சவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் சம்பவம் அது.

நம்பிக்கை: மணல் வடிகட்டி ஒரு சல்லடை. மணல் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த தவறு இதுதான், ஏனென்றால் பார்க்க அவ்வளவு சரியாக இருக்கிறது. வேக மணல் வடிகட்டியில் மணிகள் சுமார் அரை மில்லிமீட்டர். அவற்றின் இடைவெளியோ ஒரு பாக்டீரியாவின் அகலத்தைப்போல் பல பத்து மடங்கு. சல்லடை என்றால் எல்லாமே ஒழுகிப் போயிருக்கும். நடப்பது வேறு. நாயுருவிப் புதர் வழியே நடந்து வந்தால் வேட்டி முழுக்க விதை ஒட்டியிருக்கும். வழி அகலமாகத்தான் இருந்தது, உரசிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. மணலுக்குள்ளும் அப்படித்தான். அறுபது எழுபது சென்டிமீட்டர் ஆழத்தில் வளைந்து வளைந்து இறங்கும்போது துகள் எங்காவது ஒரு மணியை உரசும். ஒட்டும் தன்மை இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அந்தத் தன்மையைக் கொடுப்பது ஆலம். ஆலம் சரியாக விழாத நாளில் எவ்வளவு நல்ல மணலும் கலங்கலைக் கைவிட்டுவிடும்.

பழைய மெது மணல் வடிகட்டிகளில் ஆலமே கிடையாது. 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீரை வடிக்காமலேயே கால்வாயில் கொண்டுவந்து குடித்த சென்னைக்கு, 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தவை இந்த வகை. ஒரு சதுர மீட்டர் மணல் வழியே மணிக்கு நூறு இருநூறு லிட்டர்தான் இறங்கும். வேக வடிகட்டியில் ஏறக்குறைய 5,000 லிட்டர் இறங்கிவிடும். மெது வடிகட்டியில் வேலை செய்வது மேலே படரும் வழுவழுப்பான படலம். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த அந்த உயிர்ப்படலமே வரும் கிருமிகளைப் பிடித்துத் தின்கிறது. பார்க்க அருவருப்பாக இருக்கும். சுரண்டி எடுத்துவிட்டால் மறுபடி வளரும்வரை வடிகட்டி பாதி வேலைதான் செய்யும். 1892-இல் தப்பித்த அதே ஆல்டோனாவில் அடுத்த குளிர்காலத்தில் காலரா எட்டிப்பார்த்தது. சுத்தம் செய்யும்போது ஒரு வடிகட்டியின் மணல் உறைபனியில் கெட்டுப்போனதுதான் காரணம் என்று காக் கண்டார். வேக வடிகட்டியிலும், கீழிருந்து தண்ணீர் பாய்ச்சி 'பேக்வாஷ்' செய்து முடித்த சிறிது நேரத்துக்கு வழக்கத்தைவிடக் கலங்கல் அதிகமாகவே கசியும். அந்த முதல் தண்ணீரைக் குடிநீரில் சேர்க்காமல் வெளியே விடும் நிலையங்களும் உண்டு.

காவிரி, பாலாறு, தாமிரபரணிக் கரை ஊர்கள் பலவற்றில் இந்த வேலையை ஆற்று மணலே செய்கிறது. படுகையில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் அவை தண்ணீர் எடுக்கின்றன. மணல் அள்ளுவதை நிலத்தடி நீர்மட்டத்தின் பிரச்சினையாக மட்டுமே பேசுகிறோம். அள்ளிப்போவது அந்த ஊர்களின் வடிகட்டியையும்தான்.

துணியில் வடிப்பது வீண் என்று சிரிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லின் குழுவினர் வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குளத்து நீரை வடிக்கச் செய்தார்கள். 2003-இல் வெளிவந்த முடிவின்படி காலரா 48 சதவீதம் குறைந்தது. காலராக் கிருமி துணியில் தனியாக நிற்காது. ஆனால் அது ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் நுண்ணிய மிதவை உயிரிகள் நிற்கும்.

நம்பிக்கை: தெளிவாக இருந்தால் போதும், மிச்சத்தைக் குளோரின் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993 வசந்தத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் தடுமாறியது. மாறிக்கொண்டிருந்த ஏரித் தண்ணீருக்கு ஏற்பத் திரளவைக்கும் மருந்தின் அளவைப் பிடிக்க முடியவில்லை. வெளியேறிய தண்ணீரின் கலங்கல் 1.7 அலகுவரை (என்.டி.யு.) போனது. கண்ணாடி டம்ளரில் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத கலங்கல் அது. குளோரினும் போட்டிருந்தார்கள். ஆனால் வந்தது கிரிப்டோஸ்போரிடியம்; குளோரினுக்கு அசையாத ஒட்டுண்ணி. நோய்ப்பட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். நம் தர நிர்ணயமும் கலங்கல் 1 அலகுக்குள் இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரினால் எட்ட முடியாது என்பதும் ஒரு காரணம்.

உப்பும் கடினத்தன்மையும் கரைந்தே இருப்பவை. படிகாரமும் மணலும் அவற்றைக் குறைப்பதில்லை. சில நாள் குழாயில் பால்போல் வெளுத்து வரும் தண்ணீரைப் பார்த்து மருந்தை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்பார்கள். டம்ளரில் பிடித்துப் பாருங்கள்: கீழிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி, மேலிருந்து கீழாகத் தெளிந்தால் வண்டல்.

நம்பிக்கை: கம்பியை இறக்கிக் காட்டினாரே, குழாய்த் தண்ணீரில் அத்தனை அழுக்கு!

ஆர்.ஓ. இயந்திரம் விற்க வீடு வீடாக வருபவர்கள் சிலர் செய்யும் வித்தை இது. இரண்டு டம்ளர், ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் மின்சாரக் கம்பிகளை இறக்குவார். சில நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பும் கருப்புமாகச் சேறாகிவிடும், மற்றது தெளிவாகவே நிற்கும். வீட்டிலுள்ளவர்கள் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

அந்தச் சேறு கம்பியிலிருந்து வந்தது. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடு ஆகித் திரள்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் அலுமினியம் செய்யும் அதே வேலைதான். தொழிற்சாலைக் கழிவுநீரை இந்த முறையில் தெளியவைக்கவும் செய்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் பாய்வதில்லை, அவ்வளவுதான். உப்பு மிகுந்த தண்ணீர் வரும் ஊரில் ஆர்.ஓ. தேவைப்படலாம்; அதைத் தீர்மானிக்க வேண்டியது நீர்ப் பரிசோதனை. அடுத்த முறை யாராவது வந்தால் தெளிந்து நிற்கும் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு, மறுபடி கம்பியை இறக்கச் சொல்லுங்கள்.