அந்திமகாலப் பராமரிப்பு: நல்ல சேவையை அறிவது எப்படி?



ஆலய நிர்வாகக் குழுவில் இருப்பவர்களிடம் திருமண மண்டபம் பற்றியும் அன்னதானத் தேதி பற்றியும் கேட்பது வழக்கம். அண்மைய ஆண்டுகளில் வேறொரு கேள்வியும் வரத் தொடங்கியுள்ளது. “ஐயா, அம்மாவின் நோய்க்கு இனிச் சிகிச்சை இல்லை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்பிஸ் சேவைக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்கிறார்கள். சரி என்று சொல்லலாமா? எது நல்ல இடம்?” இது குடும்பத்தினர் கேட்பது. நன்கொடையாளர்களோ, “அவர்களுக்கு நிதி கொடுக்க விரும்புகிறோம். உண்மையாக உழைக்கும் அமைப்பு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்கிறார்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். அந்த விடையை ஒரு பாடமாக ஒழுங்குபடுத்தித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாஸ்பிஸ் என்பது என்ன?

நோயை இனிக் குணப்படுத்த இயலாது என்ற நிலையில், வலியையும் மூச்சுத்திணறலையும் மனவேதனையையும் தணித்து, எஞ்சிய நாள்களை நல்லபடியாக வாழவைக்கும் சேவையே ஹாஸ்பிஸ். தமிழில் அந்திமகாலப் பராமரிப்பு என்கிறோம். தாதியாகவும் சமூக சேவையாளராகவும் பணியாற்றிப் பின்னர் மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், 1967ஆம் ஆண்டில் லண்டனில் செயின்ட் கிறிஸ்டபர்ஸ் இல்லத்தைத் தொடங்கினார். நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தின் தொடக்கமாக அதனையே குறிப்பிடுவர். உடல்வலி, மனவலி, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் தந்த பாடம்.

சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டில் செயின்ட் ஜோசப்ஸ் இல்லம் 16 படுக்கைகளை இதற்கென ஒதுக்கியது. நோயாளியின் வீட்டுக்கே சென்று கவனிக்கும் ஹாஸ்பிஸ் கேர் அசோசியேஷன் 1989இல் தோன்றியது. இன்று எச்சிஏ ஹாஸ்பிஸ் என்று அழைக்கப்படும் அவ்வமைப்பின் இல்லச் சேவைக்குக் கட்டணம் இல்லை. டோவர் பார்க் ஹாஸ்பிஸ் 1992இல் உருவானது. இச்சேவைகளை ஒருங்கிணைக்கும் சிங்கப்பூர் ஹாஸ்பிஸ் மன்றம் 1995இல் அமைந்தது. இங்கு இச்சேவை மூன்று வகைப்படும்: இல்லத்தில் தங்க வைத்துக் கவனிப்பது, வீட்டுக்கு வந்து கவனிப்பது, பகல்நேரப் பராமரிப்பு.

2023ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு ஓர் இலக்கை அறிவித்தது. மருத்துவமனைகளில் நிகழும் மரணங்களின் விகிதத்தை 61 விழுக்காட்டிலிருந்து 2027ஆம் ஆண்டுக்குள் 51 விழுக்காட்டுக்குக் குறைப்பதே அது. ஆகவே, வீட்டிலேயே கண்மூட விரும்பும் பெரியவர்களுக்கும் அவர்களைக் கவனிக்கும் குடும்பங்களுக்கும் இந்த அறிவு இனி மிகவும் தேவைப்படும்.

எதைப் பார்த்து எடைபோடுவது?

நான் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் மேற்பார்வை அதிகாரிகள் வருவார்கள். சிலர் மண்டபத்தையும் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அனுபவம் மிக்க அதிகாரியோ நேரே கடைசி வரிசைக்குச் சென்று, அங்கே அமர்ந்திருக்கும் மாணவனின் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பார். பள்ளியின் தரம் அதில் தெரிந்துவிடும்.

ஹாஸ்பிஸ் சேவையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வரவேற்புக் கூடத்தின் அழகையோ சுவரில் தொங்கும் விருதுகளையோ கொண்டு முடிவு செய்தலாகாது. பேச முடியாத நோயாளி, பார்க்க வருவோர் இல்லாத முதியவர், இரவு இரண்டு மணிக்கு வலியால் துடிப்பவர் ஆகியோரை அங்கே எப்படிக் கவனிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கேள்விகளை வரிசைப்படுத்த வள்ளுவப் பெருந்தகை நமக்கு வழி காட்டியிருக்கிறார். மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில், மருத்துவம் என்பது நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது என்கிறார். அந்த நான்கையும் நான்கு தலைப்புகளாகக் கொள்வோம்.

1. நோயுற்றவர்

முதல் கேள்வி: நோயாளியின் வலியை எத்தனை முறை, எவ்வாறு கேட்கிறார்கள்? பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் சொல்லச் சொல்வது பொதுவான முறை. ஆனால் நம் பாட்டிமார்களுக்கு வலிக்கு மதிப்பெண் போடத் தெரியாது. அவர்கள் “குடைகிறது”, “எரிகிறது”, “சுருக்கென்று இழுக்கிறது”, “விண்விண்ணென்று தெறிக்கிறது” என்பார்கள். இச்சொற்கள் மருத்துவருக்கு மிகவும் முக்கியமானவை. எரிவதும் மின்சாரம் பாய்வது போல் இழுப்பதும் நரம்பு சார்ந்த வலியாக இருக்கலாம்; அதற்குத் தரும் மருந்து வேறு. எல்லாவற்றையும் வலி என்ற ஒரே சொல்லாக மொழிபெயர்த்தால் சிகிச்சை தவறிப்போகும். எனவே தமிழ் தெரிந்த தாதியோ தொண்டூழியரோ இருக்கிறாரா, இல்லையென்றால் மொழிபெயர்ப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். நான் சென்று பார்த்த ஓர் இல்லத்தில், ஒரு சீனத் தாதி ‘வலி’, ‘தாகம்’, ‘குமட்டல்’, ‘திரும்பிப் படுங்கள்’ போன்ற தமிழ்ச் சொற்களை எழுதிக் கட்டிலருகே ஒட்டி வைத்திருந்தார். அந்த ஒரு தாள் எனக்குப் பல செய்திகளைச் சொன்னது.

பேச இயலாதவர்களின் வலியை எப்படி அறிகிறார்கள் என்றும் கேளுங்கள். முகச்சுளிப்பு, முனகல், கையை இறுக்கிக்கொள்வது ஆகியவற்றைக் கவனிப்பதாகச் சொன்னால் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்.

இன்னொன்று: “நோயைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்று நம் பிள்ளைகள் கேட்டுக்கொள்வது வழக்கம். நல்ல குழுவினர் முகத்திலடித்தாற்போல் சொல்லவும் மாட்டார்கள். கேட்பவரிடம் பொய் சொல்லவும் மாட்டார்கள். “உங்களுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?” என்று நோயாளியிடமே கேட்பார்கள்.

சமய நெறிகளையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். நம் நாட்டு ஹாஸ்பிஸ்களில் சில கிறித்துவ அன்பர்களால் தொடங்கப்பட்டவை. எல்லாச் சமயத்தாரையும் ஏற்கும் அவற்றைக் குறித்து நாம் தயங்கத் தேவையில்லை. திருநீறு பூசலாமா, தேவாரம் ஒலிக்கச் செய்யலாமா, இறுதி நேரத்தில் கங்கை நீர் விடலாமா, சைவ உணவு கிடைக்குமா, உயிர் பிரிந்தபின் குடும்பத்தினர் எவ்வளவு நேரம் அருகில் இருக்கலாம் என்று தெளிவாகக் கேளுங்கள். உயிர்வாயு வைத்திருக்கும் அறையில் தீபம் ஏற்றக் கூடாது. அது பாதுகாப்பு கருதியது. மின்விளக்கு தீபம் வைத்துக்கொள்ளலாம்.

2. மருத்துவரும் தாதியரும்

இரவில் யார் வருவார்கள்? இதுவே தலையாய கேள்வி. 24 மணி நேரத் தொலைபேசி எண் என்று பல அமைப்புகள் சொல்லும். அந்த எண்ணில் பேசுபவர் தாதியா, செய்தியைக் குறித்துக்கொள்ளும் ஊழியரா? நோயாளியின் குறிப்பேடு அவர் முன் இருக்குமா? தேவைப்பட்டால் நேரில் வருவார்களா? எவ்வளவு நேரத்தில்?

எனக்குத் தெரிந்த இரு குடும்பங்களின் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் நள்ளிரவுக்குப் பின் தந்தைக்கு வலி அதிகமானது. மகள் தொலைபேசியில் அழைத்தார். தாதி, முன்பே எழுதிக் கொடுத்திருந்த கூடுதல் மருந்தளவை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, கொடுத்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து அவரே மீண்டும் அழைத்து விசாரித்தார். பெரியவர் உறங்கிவிட்டார்; ஒன்பது நாள் கழித்துத் தம் வீட்டிலேயே அமைதியாகக் காலமானார். மற்றொரு வீட்டில், வேறோர் அமைப்பின் எண்ணில் பதிவுக்குரல்தான் கேட்டது. பயந்துபோன பிள்ளைகள் 995ஐ அழைத்தனர். வீட்டில் இறக்க விரும்பிய அந்த அம்மையார் அவசரப் பிரிவின் தள்ளுகட்டிலில் இரவைக் கழித்தார். இரு குடும்பத்திலும் அன்புக்குக் குறைவில்லை. வேறுபாடு தொலைபேசியின் மறுமுனையில்தான் இருந்தது.

வீட்டில் மரணம் நேர்ந்தால் சான்றளிக்க வரும் மருத்துவர் யார் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மரணத்திற்கான காரணத்தை மருத்துவர் சான்றளிக்க இயலாவிட்டால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிவரும். இறுதிச் சடங்குகளும் தாமதமாகும். 2022 மே 29 முதல், மருத்துவர் இணையம்வழி சான்றளித்தவுடன் மரணம் தானாகவே பதிவாகிவிடுகிறது. குடும்பத்தினர் தனியாகச் சென்று பதிய வேண்டியதில்லை.

3. மருந்து

மார்ஃபின் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் அஞ்சுகிறார்கள். “அதைக் கொடுத்தால் ஆள் போய்விடுவார்” என்பது பரவலான எண்ணம். மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, வலிக்கேற்ப மெல்ல உயர்த்திக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. வலிக்காக முறைப்படி எடுத்துக்கொள்வோர் அதற்கு அடிமையாவதும் அரிது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கும். ஆகவே மார்ஃபினுடன் மலமிளக்கியும் சேர்த்துத் தர வேண்டும்.

இங்கேயும் ஓர் எளிய சோதனை உண்டு. மார்ஃபின் எழுதிக் கொடுப்பவர்கள் மலச்சிக்கலைப் பற்றித் தாமாகவே பேசுகிறார்களா? வலி வந்தபின் கொடுக்காமல், நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்கிறார்களா? இடையில் வலி வந்தால் கொடுக்க வேண்டிய அளவை எழுதித் தருகிறார்களா? விழுங்க முடியாத நிலை வந்தால், தோலுக்கடியில் மருந்தைச் செலுத்தும் சிறிய கருவியைப் பயன்படுத்துவார்களா? இவை நான்குக்கும் ‘ஆம்’ என்ற பதில் வந்தால் நம்பிக்கை கொள்ளலாம்.

4. அருகிருந்து கவனிப்பவர்

நான்காம் கூறு நாம்தான். மனைவி, மகள், மருமகள், இல்லப் பணிப்பெண். நல்ல அமைப்பு இவர்களையும் தன் பொறுப்பாகக் கருதும். படுக்கைப்புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, வாயை ஈரமாக வைத்திருப்பது, தூக்கும்போது முதுகைக் காத்துக்கொள்வது ஆகியவற்றைச் செய்து காட்டிக் கற்பிக்கும்.

உணவைப் பற்றியும் பேசும். “ஒரு வாய் சாப்பிடுங்கள்” என்று வற்புறுத்துவது நம் அன்பின் மொழி. ஆனால் இறுதி நாள்களில் பசி அடங்குவது இயற்கை. பட்டினியால் இறப்பு வருவதில்லை. இறப்பு நெருங்குவதால் உணவு வேண்டாமல் போகிறது. வலிந்து ஊட்டினால் புரையேறும். இதை அன்போடு விளக்கிச் சொல்லும் தாதி அமைந்தால், குடும்பத்தார் பின்னாளில் குற்ற உணர்வின்றி வாழ்வார்கள். கருமக்கிரியைகள் முடிந்தபின் உறவினரைத் தொடர்புகொண்டு விசாரிக்கும் வழக்கம் அங்கே உண்டா என்றும் கேளுங்கள். துக்கத்தில் இருப்போரைக் கவனிப்பதும் இச்சேவையின் ஒரு பகுதியே.

நன்கொடையாளர்களுக்கு

கொடையாளர்கள் கட்டடத்திற்கும் படுக்கைக்கும் தருவதை விரும்புவார்கள், பெயர்ப்பலகை வைக்கலாம். இரவுப்பணித் தாதியின் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது. ஆயினும் மேற்சொன்ன இரவுத் தொலைபேசியை எடுக்கும் கை அந்தத் தாதியினுடையதே. எனவே நிதி கொடுக்குமுன், அறநிறுவன ஆணையரின் இணையத்தளத்தில் அவ்வமைப்பின் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பாருங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்: இரவில் எத்தனை தாதியர் பணியில் இருக்கிறார்கள்? ஊழியர்கள் நிலைத்திருக்கிறார்களா, அடிக்கடி மாறுகிறார்களா? குடும்பத்தினரின் குறைகளைக் கேட்டு என்ன மாற்றம் செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஓர் உண்மையான உதாரணத்தைச் சொல்லும் அமைப்பு, குறையே இல்லை என்று சொல்லும் அமைப்பைவிடச் சிறந்தது.

எப்போது கேட்பது?

கடைசி வாரத்தில் தேடத் தொடங்கினால் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இராது. நோய் முற்றிவிட்டது என்று தெரிந்தவுடனேயே மருத்துவமனையின் சமூக சேவையாளரிடம் பேசுங்கள். தங்கிப் பெறும் சேவைக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து அரசாங்க உதவித்தொகை உண்டு. மெடிசேவ், மெடிஃபண்ட் பற்றியும் அவரே விளக்குவார். பணமில்லை என்பதற்காக யாரும் வலியோடு இருக்க வேண்டிய நிலை இந்நாட்டில் இல்லை. கேட்கத் தயங்குவதால்தான் பலர் வலியோடு இருக்கிறார்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் அன்பர்கள் நிதி வழங்குவதில் பின்தங்கியவர்கள் அல்லர். ஆனால் ஹாஸ்பிஸ் இல்லங்களுக்குத் தமிழ் பேசும் தொண்டூழியர்களும் தேவை. வாரத்தில் ஒரு பிற்பகல் சென்று, ஒரு பெரியவரின் கட்டிலருகே அமர்ந்து, “எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது?” என்று தமிழில் கேட்டுத் தாதியிடம் சொன்னால் போதும். பணி ஓய்வு பெற்றவர்களுக்கு, குறிப்பாக என் ஆசிரிய நண்பர்களுக்கு, இதைவிடப் பொருத்தமான பணி வேறில்லை. விருப்பமுள்ளோர் ஆலய அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், உரிய அமைப்பினரிடம் பயிற்சிக்கு அனுப்பி வைக்கிறோம்.

எல்லாம் வல்ல இறைவன், நோயுற்றோருக்கு அமைதியும் அவர்களைக் கவனிப்போருக்கு மனவலிமையும் அருள வேண்டுகிறேன்.