நின்றுபோன மகிழுந்து

கொல்கத்தாவில் மழைக்காலம். ஐந்து நாள்களாக மழை விட்டபாடில்லை. ஒரு வீட்டின் முகப்பில் பழைய அம்பாசிடர் மகிழுந்து ஒன்று நனைந்து நின்றது. அந்நகருக்கு அண்மையிலுள்ள உத்தர்பாராவின் தொழிற்சாலையில் 2014 ஆம் ஆண்டுவரை செய்யப்பட்ட வகை அது. கார்புரேட்டர் கொண்ட பெட்ரோல் இயந்திரம் உடையது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் ஒருவர், தம் மனைவியை வாரம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அதனையே நம்பியிருந்தார். ஒருநாள் காலை அது கிளம்ப மறுத்தது.

“பேட்டரி பழுதாகியிருக்கும்” என்றார் அண்டை வீட்டார். முதியவர் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினார், பயனில்லை. “கார்புரேட்டரை மாற்றுங்கள்” என்றார் மற்றொருவர். மேலும் செலவிட வழியின்றி, வண்டியைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட அவர் முடிவு செய்தார். அவருடைய பேத்திக்கு மனம் வரவில்லை. தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கை அழைத்து வந்தாள்.

அவர் எந்தக் கருவியையும் உடனே எடுக்கவில்லை. “ஐயா, விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். நீ ஒலியைக் கவனி, அம்மா” என்றார்.

விளக்கு பெரிதும் மங்கவில்லை. ஸ்டார்ட்டர் இயந்திரத்தை விரைந்து சுழற்றியது. ஆயினும் இயந்திரம் உயிர்பெறவில்லை.

“விளக்கு மங்கி ‘டக்’ என்ற ஒலி மட்டும் வந்திருந்தால், பேட்டரியையோ அதன் முனைகளில் படிந்த உப்பையோ ஐயுறலாம். விளக்கு ஒளிர்ந்தும் ஒலியே எழாவிடில், சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் வரையுள்ள இணைப்புகளைப் பார்க்க வேண்டும். இங்கே இயந்திரம் நன்றாகச் சுழல்கிறது. ஆகவே, பெட்ரோல் வரவில்லையா, தீப்பொறி வரவில்லையா என்பதே நம் வினா” என்றார் அவர்.

பின்பு பிளக் ஒன்றைக் கழற்றினார். அதன் முனை பெட்ரோலில் நனைந்திருந்தது. “எரிபொருள் உள்ளே வந்திருக்கிறது, எரியத்தான் இல்லை. கார்புரேட்டரை மாற்றத் தேவையில்லை” என்றார். பிளக்கை நன்கு துடைத்து, அதன் கம்பியில் செருகி, காப்பிட்ட இடுக்கியால் இயந்திரத்தின் உலோகப் பகுதியில் பதித்துப் பிடித்தார். சாவி திரும்பியது, தீப்பொறி இல்லை.

அடுத்து, மின்சுருளிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் நடுக்கம்பியைக் கழற்றி, உலோகத்தின் அருகே பிடித்துச் சோதித்தார். நீலநிறத் தீப்பொறி வலுவாகப் பாய்ந்தது.

“மாமா, அங்கே பொறி இருக்கிறது, பிளக்கில் இல்லை. அப்படியானால் குறை இரண்டுக்கும் இடையில்தானே?” என்று கேட்டாள் பேத்தி.

மெக்கானிக் முறுவலித்து, இடையிலிருந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உட்புறம் முழுவதும் ஈரம். ஓரத்தில் மயிரிழை போன்ற விரிசல். நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட வேண்டிய உயர்அழுத்த மின்சாரம் ஈரத்தின் வழியே கசிந்து வீணாயிற்று. மூடியை உலர்ந்த துணியால் துடைத்து, பிளக்குகளையும் உலர்த்திப் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் இயந்திரம் உறுமிக் கிளம்பியது.

“விரிசல் உள்ள மூடியை மட்டும் மாற்றிவிடுங்கள். இல்லையெனில் அடுத்த மழைக்கும் இப்படியே நிற்கும்” என்றார். முதியவர் புதிய பேட்டரியை ஒருமுறை பார்த்தார். பழைய பேட்டரியில் குறையே இருந்திருக்கவில்லை.

பழுதுற்ற பொருளை ஊகத்தால் மாற்றுவது செலவு. ஒவ்வொரு காரணமாகச் சோதித்து விலக்குவது அறிவு. குறையின் இடம் தெரிந்தபின் கைவைப்பவரே நல்ல தொழிலாளி.

குறிப்பு: பெட்ரோலும் உயர்அழுத்த மின்சாரமும் தீங்கு விளைவிப்பன. இச்சோதனைகளைப் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும்.

சொற்பொருள்
முகப்பு – முன்பக்கம்
ஐயுறுதல் – சந்தேகித்தல்
மின்சுருள் – காயில்
காப்பிட்ட – மின்சாரம் தாக்காதபடி உறையிடப்பட்ட
முறுவலித்து – புன்னகை செய்து

பயிற்சி
அ. விடை எழுதுக.
1. முதியவர் மகிழுந்தை விற்க முடிவு செய்தது ஏன்?
2. கார்புரேட்டரில் குறையில்லை என்பதை மெக்கானிக் எவ்வாறு அறிந்தார்?
3. குறை எங்கே உள்ளது என்பதைப் பேத்தி உய்த்துணர்ந்த முறையை விளக்குக.

ஆ. பிரித்து எழுதுக.
தீப்பொறி, எரிபொருள், நடுக்கம்பி

இ. இத்தொடரிலுள்ள வினையெச்சங்களை எடுத்து எழுதுக.
முதியவர் புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தி, சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

ஈ. உன் வீட்டில் பழுதான பொருள் ஒன்றின் குறை கண்டறியப்பட்ட விதத்தைப் பத்து வரிகளில் எழுதுக.