மாணவர்களின் பாதுகாவலர்

புனித தாமஸ் அக்குவினாஸ் என்றதும் நம்மவர் பரங்கிமலைத் தோமையாரை நினைப்பர். இவர் வேறு, 13-ஆம் நூற்றாண்டு இத்தாலியர். துறவியாகக் கூடாதென்று வீட்டாரே சிறைவைத்தனர். சக மாணவர் 'ஊமை எருது' என்றனர். 1880-இல் போப் 13-ஆம் லியோ இவரைக் கத்தோலிக்கக் கல்விக்கூடங்களின் பாதுகாவலராக்கினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை ஒட்டிய பங்குகள் பலவற்றுக்கு இவர் பெயரே.

ஆனால் அங்கே மாணவர் பணியைத் தொடங்கியவர்கள் மாணவர்களே! 1883-இல் விஸ்கான்சினில், வகுப்பில் தம் மதம் இழிவாகப் பேசப்படவே, மெல்வின் அம்மையார் வீட்டில் கூடினர். அவர்களில் ஒருவரான திமோத்தி ஹாரிங்டன் பென்சில்வேனியாவில் மருத்துவம் படிக்கையில், 1893-இல் கர்தினால் நியூமன் பெயரில் கழகம் அமைத்தார். ரயில்வே குடியிருப்பில், ஒரு வீட்டுக் கூடத்தில் தமிழ்ச் சங்கம் கூட்டிய எனக்கு இது நன்றாகவே புரிகிறது. 2025-இல் போப் 14-ஆம் லியோ, நியூமனையும் அக்குவினாஸுடன் இணைப் பாதுகாவலராக்கினார்.