கம்பெனி பெயரை அப்புறம் பார்க்கலாம்!

"அக்கா, யூபிஎஸ் வாங்கணும். எந்த கம்பெனி நல்லது?" என்று நேற்று ராத்திரி போனில் கேட்டாய். நான் உடனே பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம். கம்பெனி பெயர் கடைசியாகக் கேட்க வேண்டியதுடி. முதலில் ஒரு காகிதத்தை எடு. கரன்ட் போனால் உன் வீட்டில் எதெல்லாம் ஓடியே ஆக வேண்டுமோ, அதை மட்டும் எழுது.

ஃபிரிட்ஜையும் எழுதியிருப்பாய், எனக்குத் தெரியும். அடித்துவிடு. கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். ஓடும்போது 150, 200 வாட்தான் இழுக்கும் என்றாலும், கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு கேட்கும். சின்ன யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்திவிட்டுப் படுத்துவிடும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து அடித்துவிடு.

மிச்சம் என்ன? சாதாரண ஃபேன் இரண்டு, 150 வாட். எல்இடி பல்பு நாலு, 36 வாட். வைஃபை ரௌட்டர் ஒரு 10 வாட். ஆக 200 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. இப்போது நேரக் கணக்கு. மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபியில் நிறுத்தினால் பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை. அந்த ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் போதும். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி என்றால் பெருக்கினால் 1,800 வரும். அதை அப்படியே நம்பாதே. யூபிஎஸ் தின்றது, பேட்டரியை ஒட்டக் கறக்கக் கூடாது என்பது எல்லாம் போக 1,100 என்று வைத்துக்கொள். 200-ஆல் வகுத்தால் ஐந்தரை மணி நேரம். உனக்கு 150 போதும்.

கடைக்காரர் "200 ஏ.ஹெச். போட்டுக்கோங்க மேடம், நிம்மதியா இருக்கும்" என்பார். அந்தக் கூடுதல் பணத்துக்கு இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன் பற்றி யோசி. ஒன்று 30 வாட்தான் இழுக்கும். மொத்தமே 110 வாட்டுக்கு இறங்கி, அதே 150 பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஓடும். கரன்ட் பில்லிலும் மாதாமாதம் மிச்சம். எங்கள் வீட்டில் இது தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

வி.ஏ. என்று ஒரு எண் சொல்வார்கள். ஒரே நேரத்தில் எத்தனை சாமான் ஓடலாம் என்பது வி.ஏ.; எவ்வளவு நேரம் ஓடலாம் என்பது பேட்டரி. அதுவும் வி.ஏ. வேறு, வாட் வேறு. வீட்டு யூபிஎஸ் 900 வி.ஏ. என்றால் சுமார் 700 வாட் தாங்கும். உனக்கு அது தாராளம். ஆனால் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் வைக்கிற 600 வி.ஏ. பெட்டி 360 வாட்தான். அதற்குள் இருப்பது 7 ஏ.ஹெச். குட்டி பேட்டரி. பத்து, பதினைந்து நிமிஷத்தில் ஃபைலை சேவ் பண்ணி அணைக்கத்தான் அது. அதில் ஃபேன் மாட்டி மத்தியானத் தூக்கம் போட முடியாது.

சைன் வேவ் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார். விலை குறைவாக ஸ்கொயர் வேவ் கிடைக்கும். ஃபேன் 'ங்ங்ங்' என்று முனகும், மோட்டார் சூடாகும். வேண்டாம்.

இன்னொன்று, என் அசட்டுத்தனம். கரன்ட் போகும்போதெல்லாம் உங்கள் அத்தானின் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து வந்தது. ஒரு வருஷம் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். கடைசியில் வந்த மெக்கானிக் பெட்டியின் பின்னால் விரலை விட்டு ஒரு சுவிட்சைத் தட்டினார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த சுவிட்சில் 'யூபிஎஸ்', 'இன்வெர்ட்டர்' என்று இரண்டு நிலை உண்டு. முதலாவதில் கண் இமைப்பதற்குள் பேட்டரிக்கு மாறிவிடும், கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவதில் கொஞ்சம் தாமதம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும். வோல்டேஜ் ரொம்ப ஏறி இறங்கும் ஏரியாவில் இரண்டாவதுதான் தோது. முதலாவதில் வைத்தால் சும்மா சும்மா பேட்டரிக்குத் தாவும்.

யூபிஎஸ் வந்துவிட்டால் டிவி பிழைத்துவிடும் என்று நினைக்காதே. நியூட்ரல் கட்டானால் 230 வோல்ட் வர வேண்டிய வயரில் 400 வரைக்கும் ஏறலாம். அப்போது யூபிஎஸ்ஸே புகையலாம். மெயின் போர்டில் வோல்டேஜ் அதிகமானால் தானே துண்டிக்கிற கருவி ஒன்று போடச் சொல், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல். வாடகை வீடு என்பதால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். யூபிஎஸ் லைன் ஏற்கெனவே இழுத்திருந்தால், எந்தெந்த பாயின்ட் அதில் இருக்கிறது என்றும் கேட்டு வை.

பேட்டரியில் டியூபுலர் வாங்கு. வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பார். கடையில் ரொம்ப நாள் கிடந்தது வேண்டாம். வாரன்டி '36+24' என்று எழுதியிருந்தால் ஐந்து வருஷம் என்று துள்ளாதே. முதல் 36 மாதத்துக்குத்தான் மாற்றிக் கொடுப்பார்கள். அடுத்த 24-க்கு புதுசின் விலையில் ஒரு பங்கு கழிப்பார்கள், அவ்வளவுதான். லித்தியம் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஏறும், விலைதான் கையைக் கடிக்கும்.

டியூபுலருக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்று. ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது, அதில் உப்பு மிச்சம் இருக்கும். கோடு தாண்டி ஊற்றினால் ஆசிட் வழிந்து டைல்ஸ் போகும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். அதனால் பூஜை விளக்கு, அடுப்பு பக்கமோ, காற்றுப் போகாத அலமாரிக்குள்ளோ வைக்காதே. நீ வாசல் பக்கம் காட்டினாயே, ஷூ ஸ்டாண்டு இருக்கிற மூலை, அது சரியான இடம். 50 கிலோவுக்கு மேல் கனம், டிராலியோடு வாங்கு.

மாடிப்படிக்கு அடியில் முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன பழைய பேட்டரி கிடக்கிறதே, காயலான் கடைக்குப் போட்டுவிடாதே. ஓனரிடம் கேட்டுவிட்டுக் கடைக்குக் கொண்டுபோ. எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பேசும்போது போனை ஸ்பீக்கரில் போடு. பேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.