பாடம் 7: தளர்ந்த கால்களுக்குத் துணை

நுழையும்முன்

மூணாற்றை அடுத்த சித்திரபுரம் போன்ற மலையூர்களில் நாய் வீட்டிற்குக் காவலன். குழந்தைகளுக்கு விளையாட்டுத் தோழன். அத்தோழன் முதுகில் அடிபட்டு எழ இயலாமற் கிடந்தால் வீட்டிலிருந்தே அதனைப் பேணுவது எவ்வாறு? இப்பாடம் அதனை விளக்குகிறது.

நன்றி மறவா உயிர்

மாணவர்களே! 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டம் இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் பெரும் நிலச்சரிவு நேர்ந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த லயங்கள் மண்ணுள் புதைந்தன. சில நாள்களுக்குப் பின், காணாமற்போன தன் வீட்டுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது, 'குவி' என்னும் நாய். மனிதருக்குத் துன்பம் வந்தபோது நாய் அகலவில்லை. நாய்க்குத் துன்பம் வரும்போது மனிதர் என்ன செய்ய வேண்டும்?

தண்டுவடம் என்னும் கம்பி

சித்திரபுரத்துப் பிள்ளைகள் பள்ளிவாசல் நீர்மின் திட்டத்தை அறிவார்கள். 1940ஆம் ஆண்டு தொடங்கிய அது, கேரளத்தின் முதல் நீர்மின் திட்டமாகும். மின்நிலையம் நன்றாக இயங்குகிறது. வீட்டு விளக்கிலும் குறையில்லை. ஆயினும் இடையில் கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. நாயின் உடலும் அவ்வாறே. மூளை கட்டளையிடுகிறது, கால்கள் இயங்குகின்றன, இரண்டையும் இணைக்கும் கம்பியே தண்டுவடம்.

அதனைக் காப்பது முதுகெலும்பு. நாய்க்குக் கழுத்தில் 7, மார்பில் 13, இடுப்பில் 7 என முள்ளெலும்புகள் வரிசையாக அமைந்துள்ளன. பெரும்பாலானவற்றின் இடையே மெத்தை போன்ற தட்டுகள் உண்டு. சரிவில் உருண்டு விழுவதாலோ ஊர்தி மோதுவதாலோ எலும்பு முறியலாம். டேக்சண்டு போன்ற குட்டைக்கால் இனங்களில், அடிபடாமலே இடைத்தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதும் உண்டு.

முதல் உதவி

அடிபட்ட நாயைக் கால்களைப் பிடித்துத் தூக்குதல் கூடாது. முறிந்த எலும்பு அசைந்தால், பிழைத்திருக்கும் நரம்பும் அறுபடும். பலகை ஒன்றை அருகில் வைத்து, உடல் வளையாதவாறு மெல்ல நகர்த்திக் கிடத்தி, துணியால் தளர்வாகக் கட்டிக் கொண்டுசெல்ல வேண்டும். வலியால் துடிக்கும் நாய், அன்புடன் வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே இப்பணியைப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. அடி எதுவும் படாமல் நாயின் கால்கள் தளர்ந்து, வாயில் நீர் வடிந்தால், அது வெறிநோயாகவும் இருக்கலாம். அத்தகைய நாயைத் தொடாமல் பெரியவர்களிடம் உடனே கூறுங்கள்.

மனிதர் உண்ணும் வலிநீக்கி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. பாராசிட்டமால், இபுபுரூபன் ஆகியவை நாயின் உடலுக்கு நஞ்சாக மாறக்கூடும். கால்நடை மருத்துவர் தருவதே மருந்து. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதற்குப் பல மாநிலங்களில் 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது.

மருத்துவர் நாயின் கால்விரலை அழுத்திப் பார்ப்பார். நாய் காலை இழுத்துக்கொள்வது மட்டும் போதாது. மூளையின் உதவியின்றியும் கால் அவ்வாறு அசையும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்பதையே அவர் கவனிப்பார். வலி மூளையை எட்டுமாயின், மீண்டும் நடக்கும் வாய்ப்பு மிகுதி. எட்டாவிடில் வாய்ப்புக் குறையும்.

வீட்டில் செய்யத்தக்கவை

அறுவை செய்தாலும் செய்யாவிட்டாலும், நாய் தேறுவது பெரிதும் வீட்டாரின் கையில் உள்ளது.

1. ஓய்வு: மருத்துவர் கூறும் காலம்வரை, பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள், நாயைச் சிறு கூண்டிலோ அடைப்பிலோ வைத்திருக்க வேண்டும். சற்றுத் தேறியதும் அது துள்ள முயலும். அவ்வேளையில் இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுவது அதற்குத் தீங்காகும்.

2. படுக்கை: தானாகத் திரும்ப இயலாத நாயை 4 மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் எலும்பு புடைத்த இடங்களில் படுக்கைப்புண் தோன்றும். மெத்தை தடித்ததாகவும் உலர்ந்ததாகவும் இருக்கட்டும். மலையூரில் குளிர் மிகுதி என்று வெந்நீர்க் குப்பியை உடலோடு அணைத்து வைத்தல் கூடாது. உணர்விழந்த தோல் வெந்தாலும் நாய் அறியாது. கம்பளியே போதும்.

3. சிறுநீர்: இதுவே பலரும் அறியாத செய்தி. தண்டுவடம் பழுதுற்றால் கால்கள் மட்டுமன்றிச் சிறுநீர்ப்பையும் செயலிழக்கலாம். நிரம்பிய பை தானாக வடிவதைக் கண்டு, நாய் நன்றாகச் சிறுநீர் கழிக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. தேங்கிய நீர் நோய்த்தொற்றை உண்டாக்கும். வயிற்றை இருபுறமும் மெல்ல அழுத்தி நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை பையை வெறுமையாக்க வேண்டும். அம்முறையை மருத்துவரிடம் நேரில் கற்ற பெரியவரே அதனைச் செய்யலாம்.

4. பயிற்சி: மருத்துவர் இசைந்தபின், ஒவ்வொரு காலையும் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். ஒரு வேளைக்கு 10 முறை, நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளை செய்யலாம். மூட்டுகள் இறுகாமல் இருக்க இது உதவும். பிறகு அகன்ற துண்டு ஒன்றை வயிற்றின் அடியில் கொடுத்துப் பின்னுடலைத் தாங்கியபடி நடக்கப் பழக்கலாம். வழுவழுப்பான தரையில் சாக்கு அல்லது பாய் விரியுங்கள்.

5. சக்கர வண்டி: பல வாரங்கள் சென்றும் பின்கால்கள் இயங்காத நாய்க்கு, இலேசான குழாய்களால் இரு சக்கர வண்டி செய்து பூட்டலாம். முன்கால்களால் இழுத்துக்கொண்டு அது முற்றத்தைச் சுற்றி வரும். நடத்தல் என்பது நான்கு கால்களால் மட்டும் நிகழ்வதன்று.

கைவிடுதல் குற்றம்

நடக்க இயலாத நாயைச் சிலர் சாலையோரம் விட்டுச் செல்வர். பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். இச்சட்டம் உருவாகக் காரணமாக இருந்தவர்களுள் முதன்மையானவர், சென்னைக் கலாசேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்திற்கும் அவரே தலைமை ஏற்றார்.

நாய் தந்த அறிவு

இங்கிலாந்தின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழக அறிஞர்கள், தண்டுவடம் பழுதுற்ற 34 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். நாயின் மூக்கிலிருந்து சில உயிரணுக்களை எடுத்து வளர்த்து, அடிபட்ட இடத்தில் செலுத்தினர். அவ்வாறு செய்யப்பட்ட நாய்கள் பலவற்றின் பின்கால்கள் முன்கால்களோடு இசைந்து அசையத் தொடங்கின. ஆயினும் மூளையோடு இணையும் நெடிய நரம்பு வழி மீளவில்லை; ஆகவே இது முழுமையான மருத்துவம் ஆகிவிடவில்லை. மனிதரின் தண்டுவடக் காயத்திற்கும் வழி தேட இவ்வாராய்ச்சி துணைசெய்கிறது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நாய்கள் அனைத்தும் அடிபட்டு ஓராண்டுக்கு மேல் ஆனவை. அக்காலமெல்லாம் அவற்றைத் திருப்பிக் கிடத்தியும் துடைத்தும் உணவூட்டியும் காத்தவர்கள் வீட்டாரே. அவர்கள் கைவிட்டிருந்தால் ஆராய்ச்சிக்கு இடமே இருந்திராது.

பேணப்படும் நாய்கள் எல்லாம் எழுந்து நடந்துவிடும் என்று உறுதி கூற இயலாது. சில நடக்கும், சில தள்ளாடி நடக்கும், சில நடவாமலே போகும். வலி தீராத நிலையில் செய்யத்தக்கது யாது என்பதை மருத்துவரும் பெற்றோரும் கலந்து முடிவுசெய்வர். உங்கள் பங்கு சிறியதாகத் தோன்றலாம்: நீர்க்கிண்ணத்தை வாய்க்கு எட்டும் இடத்தில் வைத்தல், ஈரத் துணியை மாற்றுதல், திருப்பிக் கிடத்திய நேரத்தைக் குறித்தல், பள்ளி விட்டு வந்ததும் அருகில் அமர்ந்து பெயர் சொல்லி அழைத்தல். நாள் தவறாமல் செய்தால் இவையே பெரும் துணை.

அருஞ்சொற்பொருள்

ஞமலி, ஞாளி – நாயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள்
தண்டுவடம் – முதுகெலும்பினுள் செல்லும் நரம்புத் தொகுதி
படுக்கைப்புண் – நெடுநேரம் அசையாமற் கிடப்பதால் தோன்றும் புண்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்

மொழிக் குறிப்பு: 'பட்டி' என்பது மலையாளத்தில் நாயைக் குறிக்கும். தமிழிலோ ஆடுமாடுகளை அடைக்கும் இடத்தையும் சிற்றூரையும் குறிக்கும்.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. தண்டுவடம் எதற்கு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. சிறுநீர் தானாக வடிவது நலத்தின் அறிகுறி ஆகாது. விளக்குக.
3. வெந்நீர்க் குப்பியை ஏன் தவிர்க்க வேண்டும்?

ஆ. தன்வினையைப் பிறவினையாக்குக.
எடுத்துக்காட்டு: நாய் திரும்பியது – நாயைத் திருப்பினாள்.
1. நாய் எழுந்தது. 2. நாய் உண்டது. 3. வண்டி உருண்டது.

இ. சிந்தித்து எழுதுக.
நடக்க இயலாத நாயை 'இனிப் பயனில்லை' என்று ஒருவர் கூறுகிறார். அவருக்கு நீங்கள் கூறும் விடையைப் பத்து வரிகளில் எழுதுக. வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாவிடம் அவர்கள் வளர்த்த விலங்குகளைப் பற்றிக் கேட்டறிந்து அதனையும் சேர்க்க.