தாப்பாவில் இரண்டு பல் முன்னால்

கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தாப்பா வரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, கோடு போட்ட மாதிரி ஓடும். தாப்பாவில் இறங்கிவிட்டால் அடுத்த அறுபது கிலோமீட்டருக்குச் சாலை நேராக நிற்பதே கிடையாது. ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்தை இடித்துப் பல வருடமாகிவிட்டது. அம்மா இப்போது தானா ராத்தாவில் என் தங்கை வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை அவரைப் பார்க்கப் போவேன். பத்து வருடம் போய்வந்ததில் இடது இடுப்பில் ஒரு வலி என்னோடு தங்கிவிட்டது.

கேமரன் மலைக்குப் போனால் குளிர், அதனால்தான் வலிக்கிறது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். தைலம் தேய்த்தேன். கடைசியில் பிசியோதெரபி செய்யும் ஒருவர் என் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பர்ஸை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டார். பின் பாக்கெட்டில். ஒரு பக்க இடுப்பு அரை அங்குலம் உயர்ந்திருக்க, நான்கு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். அன்று முதல் பர்ஸ் கதவுப் பையில் இருக்கிறது. வலியில் பாதி அதோடு போனது. மீதிப் பாதி போகத்தான் சீட்டைப் படிக்க வேண்டியிருந்தது.

சீட்டைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். முதலில் முதுகும் சீட்டும் சேரும் மூலையில் புட்டத்தை நன்றாகத் தள்ளி உட்கார வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற எதைத் திருகினாலும் வீண். பிறகு முன்பின் தூரம்: பிரேக்கை முழுதாக மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். உயரம்: இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ. அப்புறம்தான் சாய்வு. தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் படிய வேண்டும். விரல்தான் எட்டுகிறது என்றால் தூரம் அதிகம். ஆனால் நெஞ்சுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவே ஒரு சாணுக்குச் சற்று அதிகமாகவே இடைவெளி விட வேண்டும், உள்ளே ஏர்பேக் இருக்கிறது. ஹெட்ரெஸ்ட்டின் மேல் விளிம்பு தலை உச்சிக்குச் சமமாக வரட்டும். பலர் அதைக் கழுத்து வைக்கும் தலையணை என்று நினைத்துக் கீழே இறக்கிவிடுகிறார்கள். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் தலையைப் பிடிக்கத்தான் அது இருக்கிறது.

இவ்வளவும் வண்டிக் கையேட்டிலேயே இருக்கும். கையேட்டில் இல்லாதது மலை.

நெடுஞ்சாலையில் எனக்குச் சுகமாக இருந்த சாய்வு, லாத்தா இஸ்கந்தார் அருவியைத் தாண்டுவதற்குள் சித்திரவதையாக மாறிவிடும். ஏன் என்று புரிய நாளாயிற்று. ஏற்றத்தில் வண்டியே பின்னால் சாய்கிறது. அதோடு சீட்டும் சாய்கிறது. கீழே அளவாக இருந்த சாய்வு மலையில் கூடிப்போக, சாலையைப் பார்க்க நாம் தலையை மட்டும் முன்னே நீட்டுகிறோம். கழுத்து பிடித்துக்கொள்கிறது. இன்னொன்று வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். முதுகு சீட்டில் பதியாதவன் ஸ்டீரிங்கைப் பிடித்துத் தொங்குவான். திருப்ப வேண்டிய கை உடம்பையும் தாங்குகிறது என்றால் தோள் எப்படி வலிக்காமல் இருக்கும்?

அதனால் தாப்பா டோல் தாண்டியதும் எண்ணெய் நிலையத்தில் நிறுத்துவேன். ஒரு தே தாரிக், கொஞ்சம் நடை. பிறகு முதுகுப் பலகையை இரண்டு பல் நிமிர்த்தி, சீட்டை ஒரு பல் முன்னே இழுப்பேன். என் வண்டியின் கணக்கு இது. உங்கள் வண்டியில் ஒரு பல்லே போதுமாக இருக்கலாம். இடது பாதத்தை ஓரத்தில் இருக்கும் மேட்டில் ஊன்றிக்கொண்டால் வளைவில் உடம்பு அசையாது. ஓடும்போது சீட்டில் கை வைக்கவே கூடாது. தண்டவாளத்தில் சீட் நழுவினால் பிரேக் எட்டாது, அந்தச் சாலையில் பக்கத்தில் இருப்பது பள்ளம்.

இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி, பெல்ட் கட்டும் உயரத்தில் வைக்கிறேன். நிற்பதைவிடக் கூன் போட்டு உட்காரும்போது முதுகுத்தட்டில் அழுத்தம் கூடுகிறது என்று ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாஹெம்சன் 1960களில் தட்டுக்குள் ஊசி செலுத்தியே அளந்தார். எனக்கு அந்த ஊசி வேண்டாம், கண்ணாடி போதும். நிமிர்ந்து உட்கார்ந்து நடுக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டால் பிறகு தொட மாட்டேன். ரிங்லெட் வருவதற்குள் பின்னால் வரும் காய்கறி லோரி கண்ணாடியில் பாதியாகத் தெரிந்தால், கண்ணாடி நகரவில்லை, நான் சரிந்திருக்கிறேன்.

இனி அம்மா கதை. முன்பெல்லாம் பின் சீட்டில் படுத்துக்கொண்டே வருவார். 2009 ஜனவரியில் பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயமானதும் என் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார். குள்ளமானவர், பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்பார். உயரமாக்குகிறேன் என்று மெத்தையான தலையணை ஒன்றைப் போட்டேன். தப்பு. மெத்தை அமுங்கினால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றுக்கு ஏறும். தலையணையை எடுத்துவிட்டு, கதவுத் தூணில் பெல்ட் தொடங்கும் பிடியைக் கீழே இறக்கினேன், தோளெலும்பில் படிந்தது. தரையில் எட்டாத காலுக்கு ஒரு பலகை வைத்தேன். தொடைக்கடியில் அழுத்தம் போனதும் கால் மரத்துப்போகிறது என்ற புகார் நின்றது.

போன மாதம் பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு, சுங்கை பாலாஸ் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலத்தில், தேயிலைக்கு நடுவே நெளியும் பாதை அது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்படி ஒதுங்கி நின்றபோது நான் மறுபடி சீட்டை நிமிர்த்தினேன்.

"என்னாய்யா, அதையே நோண்டிக்கிட்டு இருக்க? நாங்க அந்தக் காலத்துல லோரிக்குப் பின்னால நின்னுக்கிட்டே காட்டுக்குப் போனோம். கொழுந்துக் கூடையத்தான் சரியா கட்டுவோம். வாரு ஒரு விரக்கட எறங்கிச்சுன்னா சாயந்திரம் முதுகு சொல்லிரும்."

"எப்படிம்மா கட்டுவீங்க?"

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தோளில் வாரை ஏற்றுவதுபோல் காட்டினார். கூடையின் அடி எங்கே படியும் என்று தொட்டுக் காட்டிய இடம், என் சுருட்டிய துண்டு இருந்த அதே உயரம்.

எதிரே வந்த வேன் கடந்து போனது. "கால் பலகைய இன்னும் கொஞ்சம் முன்ன தள்ளு" என்றார்.